குப்பைமேட்டை மூடிய மகனுக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது நான் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "வேலைய விட்டுட்டு வந்துடட்டுமாம்மா?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் "வந்துடுப்பா" என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் ராஜினாமா, அன்று மாலையே இங்கே சாங்கி விமான நிலையத்துக்கு விமானம் என்று நீ சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று நான் நடந்துகொண்டதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பூட்டிக் கிடந்த உன் அறையைத் திறந்து தலையணைகளைத் தாழ்வாரத்துக் கம்பியில் வெயிலுக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கேட்காமலேயே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பிறகு பேருந்து பிடித்துத் தேக்கா சந்தைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது என்று வழக்கமாக அந்தப் பக்கமே போகாதவள் நான். அன்று அந்தக் கூட்டம்கூட எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டிறைச்சிக் கடைக்காரர், "என்னக்கா, ரொம்ப நாளுக்கு அப்புறம் இவ்வளவு வாங்குறீங்க, மகன் வர்றாரா?" என்று கேட்டார். ஆமாம், ஒரேயடியாக வருகிறான் என்றேன். உனக்குப் பிடித்த கணவாயும் வாங்கிச் சுத்தம் செய்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. இதைப் போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் "வந்துடு" என்றுதான் சொல்வேன், அந்த விஷயத்தில் என்னை நானே நம்பமாட்டேன். அதனால் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாமல் கடைசிவரை படி.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். போர்னியோக் கரையில் ஒரு துறைமுக ஊர். அந்த ஊரின் குப்பைமேட்டை நடத்துவது உன் பொறுப்பு. நீ போவதற்கு முன்னால் வருஷக்கணக்காக ஒழுங்கில்லாமல் கொட்டிக் கொட்டி மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். விடாமல் மழை பெய்தது. மேட்டின் உச்சியில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டது, அடிவாரத்தில் இதுவரை இல்லாத இடத்தில் கறுப்புத் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. அந்த அடிவாரத்தில்தான் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்களின் குடிசைகள் இருக்கின்றன. நீ யாரையும் கேட்காமல் வாசலைப் பூட்டி, லாரிகளைத் திருப்பி அனுப்பி, குடிசைகளில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கச் சொல்லிவிட்டாய். அப்புறம் மழை நின்றது, மலை சரியவில்லை. இப்போது ஊர்த் தெருக்களில் குப்பை நாறுகிறது, பொறுக்குகிறவர்களுக்குப் பிழைப்பு இல்லை, எல்லோரும் உன்னைத் திட்டுகிறார்கள். பயந்துபோய் மூடிவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு வாசலைத் திற, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ என்கிறது உன் கம்பெனி. நீ போவது என்று முடிவு செய்தாய். உன் இடத்துக்கு வேறோர் ஆள் தயாராக இருப்பதாகவும், அவர் சனிக்கிழமையே திறந்துவிடுவார் என்றும்கூடச் சொன்னாய். அந்தக் கடைசி வரியை நான் அன்று காதில் வாங்கவே இல்லை. விமானம் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் நீ வேறொன்று கேட்டாய். "நான் தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்றாய். நான் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று தொடக்கப்பள்ளியில் ஆசிரியை கேட்டபோது, "எங்கம்மா கடல்ல தண்ணி அள்ளுறாங்க" என்று சொன்னவன் நீ. ஆசிரியை என்னைப் பார்த்தபோது மிகவும் இரக்கத்தோடு பேசினார், எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. நீ சொன்னதில் தவறும் இல்லை. இந்த நகரம் எரிக்கிற குப்பையின் சாம்பல் பார்ஜ் என்ற தட்டைப் படகில் ஏறி நாங்கள் வேலை செய்யும் தீவுக்கு வருகிறது. கடலைக் கரைகட்டித் தடுத்து, தண்ணீர் ஊடுருவாத தடித்த விரிப்பையும் களிமண்ணையும் அந்தக் கரையோடு சேர்த்துப் போட்டு, உள்ளே சாம்பலை நிரப்புகிறோம். உள்ளே இருக்கும் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் வெளிக்கடலுக்குப் போகக் கூடாது. போகவில்லை என்று உறுதி செய்துகொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. சிறு படகில் கரையைச் சுற்றிப்போய்க் குறித்த இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பேன், சோதிப்பேன், மறுபடியும் பிடிப்பேன். எல்லாம் சரியாக இருக்கும் வரையில் அந்தத் தீவில் எனக்கு வேலை இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. தீவு அழகான இடம் என்று வந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அலையாத்தி மரங்கள், கொக்கு, சுத்தமான காற்று, ஒரு துளி நாற்றம் கிடையாது. அந்த அழகுக்குப் பின்னால் நாங்கள் தினமும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

எங்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் தமிழர்களெல்லாம் சீக்கிரப் படகிலேயே வீட்டுக்குப் போய்விடுவோம், எங்கள் வேலையைச் சீனர்களும் மலாய்க்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் போவார்கள், சீனப் புத்தாண்டுக்குச் சீனர்கள். யாரும் உத்தரவு போட்டு வந்ததல்ல. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே தீவில் கிடக்கிறவர்களிடம் தானாக வந்த நல்ல பழக்கம். ஆனால் அந்த நாள்களில் ஆளாளுக்குத் தன் வேலையல்லாத வேலையைச் செய்வார்கள், அதுவும் இன்னொருவருக்கு உதவுகிற சந்தோஷத்தில் அவசரமாகச் செய்வார்கள். எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கண்டால் இன்றைக்கும் பயம்தான். காரணம் இருக்கிறது.

நீ தொடக்கப்பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். என்னோடு படகில் வரும் சீனப் பையன் விடுப்பில் போய்விட்டதால் ரோஸ்லி என்ற லாரி ஓட்டுநர் எனக்குத் துணைக்கு வந்தான். தங்கமான பிள்ளை. என் பாட்டில்கள் சோதனைக்கூடத்தில் கழுவி, காயவைத்து, மூடி இறுக்கி வருபவை. அப்படியே திறந்து நிரப்ப வேண்டும், யாரும் மறுபடி கழுவக் கூடாது. ரோஸ்லிக்கு அது தெரியாது. பெட்டியில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து, அக்காவுக்கு வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, நான் வருவதற்கு முன்னாலேயே சில பாட்டில்களைத் திறந்து கழுவி வைத்துவிட்டான். கழுவிய குழாய் அவன் தினமும் லாரிச் சக்கரம் கழுவுகிற குழாய். அதில் வருவது கரைக்கு உள்ளேயிருந்து இறைக்கும் சாம்பல் தண்ணீர். அதைப் பெரிய விஷயமாக நினைக்காததால் என்னிடம் அவன் சொல்லவும் இல்லை. நான் வெளிக்கடலில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து தீவிலிருந்த சின்னச் சோதனை அறையில் வைத்துப் பார்த்தேன். தென்பக்கத்துக் கரைக்கு வெளியே கடலில் சாம்பல் தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. கரை எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நான் வாக்கி டாக்கியில் நிறுத்தச் சொன்னேன். சாம்பல் கொட்டுவதை, இறைப்பதை, சுத்திகரித்த தண்ணீரை வெளியே விடுவதை, எல்லாவற்றையும். எங்கள் மேலாளர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அவரே என்னைத் தேடி நடந்து வந்து, "நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியல சார். தெரியாததாலதான் நிறுத்தச் சொல்றேன்" என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். சந்தேகம் வந்தால் தீவில் இருக்கும் அத்தனை பேரும் கரை மேல் பரவி நின்று, ஆளுக்குக் கொஞ்சம் தூரமாக நடந்து, வெளிப்பக்கத்துத் தண்ணீர் எங்காவது கலங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் யாரும் படகேற முடியாது. படகுத்துறையில் சீனர்கள் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டு நின்றிருந்தார்கள். வருஷத்தில் ஒருமுறை குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இரவு அது. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் உன் ஆ செங் அங்கிள்.

அவரை நீ மறந்திருக்கமாட்டாய். புல்டோசர் ஓட்டுபவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் வீட்டுக்கு ஒரு பெட்டி குளிர்பானத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், முறுக்கைச் சத்தம் வரக் கடித்து உன்னைச் சிரிக்க வைப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேசும் ஹொக்கியன் சீனம் தெரியாது. சந்தையில் பேசும் பாசார் மலாயில் பாதி, உடைந்த ஆங்கிலத்தில் பாதி என்று பல வருஷம் சிநேகிதமாக இருந்தோம். அன்று அவர் புதுச்சட்டைக்கு மேல் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு அடுத்த பகுதியில் நடந்தார். கூப்பிட்டால் கேட்காத தூரம். எல்லோரும் அப்படித்தான் நின்றோம், நீண்ட கரையில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, வெயிலில் குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி. நான் வேறு பாட்டில்களில் மறுபடியும் தண்ணீர் பிடித்தேன். சுத்தமாக இருந்தது. ஆனாலும் நகரத்துப் பெரிய சோதனைக்கூடம் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் வீட்டுக்கு விடுவதற்கில்லை. பெருநாள் சமயத்தில் அங்கே ஆள் குறைவு. அவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது இருட்டிவிட்டது.

திரும்பும் படகில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆ செங் வீடு பாசிர் ரிஸில். இந்த நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயில் ஏறிப் போக வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தபோது மேசையைத் துடைத்துவிட்டிருந்தார்களாம். அவருடைய அம்மா, மகன் வரட்டும் என்று வெறும் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பெருநாள் முடிந்து வந்த அன்று, எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து வேறொருவரிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார் என்று நினைக்கிறேன். அன்று காலைக் கூட்டத்தில் ரோஸ்லி தானாகவே எழுந்து, பாட்டிலைக் கழுவியது நான்தான் என்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவனை ஒருவரும் கோபிக்கவில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். உதவப் போய்த் தவறு செய்தவனை மன்னிப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்து அவர்களை வீட்டுக்குப் போகவிடாமல் வைத்தவளைத்தான் மன்னிக்க முடியவில்லை. எனக்குக் கோபமாக வந்தது, தம்பி. இப்போது எழுதும்போதுகூடக் கொஞ்சம் வருகிறது.

அடுத்த புத்தாண்டு வருவதற்குள் ஆ செங்கின் அம்மா இறந்துவிட்டார். அவர்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். நானும் உன் அப்பாவும் போனோம். ஆ செங் எங்களை ஒரு வட்ட மேசையில் உட்காரவைத்து, நிலக்கடலையும் பெட்டிப் பானமும் கொண்டுவந்து வைத்தார். எழுந்து புறப்படும்போது, துக்க வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு நூலை என் கையிலும் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு நீ தாழ்வாரத்தில் நின்று லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாய். அங்கிள் ஏன் வரவில்லை என்று கேட்டாய். அவருக்கு வேலை என்றேன். அதற்கு அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை, நீயும் வளர்ந்துவிட்டாய்.

சுமார் இரண்டு வருஷம் எங்களுக்குள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் காலை வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. மேலாளரைக் கூப்பிடவில்லை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மாரி தெங்கோ" என்றார், வந்து பார் என்று. போனேன். புல்டோசரை அணைத்துவிட்டுத் தூரமாக இறங்கி நின்றிருந்தார். சாம்பல் கொட்டும் விளிம்பில், அவர் மட்டும் பார்க்கக்கூடிய அளவுக்கு ஒரு மெல்லிய கோடு. தண்ணீர்ப் பக்கத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. லாரிகளைத் திருப்பச் சொன்னேன், இந்த முறை அவர் என் பக்கத்தில் நின்றார். மதியம் விளிம்பில் ஒரு லாரி நிற்கும் அளவுக்கு இடம் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அதன்மேல் ஆள் இல்லை, வண்டி இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கும் வரவில்லை. ஓய்வு பெற்ற அன்று எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், அவ்வளவுதான். நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று உனக்குச் சொல்ல எனக்கு ஆசை. ஆகவில்லை. ஆனால் தன் உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தபோது, யாரைக் கூப்பிட்டால் யோசிக்காமல் நிறுத்துவாள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய மதிப்பு அது ஒன்றுதான்.

நீ தப்பு செய்யவில்லை. மலை சரியாததால் நீ செய்தது தப்பாகிவிடாது. சரிந்திருந்தால் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள், ஆனால் அதற்குள் அடிவாரத்தில் யாராவது செத்திருப்பார்கள். மூடிய இடத்தில் ஒன்றும் நடக்காமல் போவதுதான் நல்ல முடிவு. அதற்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள், பழகிக்கொள். எனக்கு இன்னும் பழகவில்லை, அது வேறு விஷயம்.

உன் மேட்டைப் பற்றி உனக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. எங்கள் தீவில் மலை கிடையாது, குப்பையும் எரிந்து சாம்பலாகித்தான் வருகிறது, உள்ளே புழுங்கித் தீப்பிடிக்கும் வாயுவோடு நான் மல்லுக்கட்டியதில்லை. அதையெல்லாம் நீதான் படித்திருக்கிறாய். ஆனால் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியும். மழை நின்றதும் மேடு காய்ந்துவிட்டதாக எல்லோரும் நினைப்பார்கள். வெளியேதான் காயும், உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற நாளாகும். அடிவாரத்தில் ஊறுகிற கறுப்புத் தண்ணீர் கூடுகிறதா, குறைகிறதா, நிறம் மாறுகிறதா என்று காலையும் மாலையும் நீயே போய்ப் பார், ஆளை அனுப்பாதே. வெடிப்பின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு வைத்திருப்பதாகச் சொன்னாய், நல்லது. அந்தக் குச்சிகளை யாராவது உனக்கு உதவுவதாக நினைத்து நேராக்கி நட்டுவிடாமல் பார்த்துக்கொள், சிரிக்காதே, இப்படித்தான் நடக்கும். மேலே லாரி ஏறவே கூடாது. மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீர் வெடிப்புக்குள் போகாமல் சுற்றி வாய்க்கால் வெட்டு. பிறகு மறுபக்கத்தில் சரிவில்லாத இடத்தில் கொஞ்சமாகக் கொட்ட வழி இருக்கிறதா என்று பார். அன்றன்று கொட்டியதை அன்று சாயங்காலமே மண் போட்டு மூடு. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் குப்பை போக ஓர் இடம் வேண்டும். அதைக் கொடுக்காமல் கூடாது கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் பக்கமும் நியாயம் வந்துவிடும்.

இன்னொன்று. தினமும் காலையில் வாசலில் வந்து நின்று உன்னைத் திட்டும் அந்தக் குடிசைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, அவளிடம் காவலாளியை அனுப்பிப் பேசாதே. பள்ளிக்கூடத்துக்கு நீயே போ. அவர்களோடு தரையில் உட்கார். வெடிப்பைக் காட்ட வேண்டுமென்றால் பெரியவர்கள் யாராவது ஒருவரைப் பத்திரமான தூரத்துக்கு அழைத்துப்போய்க் காட்டு. மேடு உனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்குத்தான் பழக்கம், அவர்கள் கண்ணும் உனக்கு வேண்டும். மறுபக்கத்தில் குப்பை இறங்கினால் பிரித்தெடுக்கும் வேலையை அவர்களுக்கே கொடுக்கும்படி கம்பெனியிடம் கேள். திட்டினால் கேட்டுக்கொள். நீ நிறுத்தியதால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, கோபப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அதற்காகக் கேள், முன்கூட்டிச் சொல்லாமல் மூடியதற்காகக் கேள். மூடியது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த மழையில் நீ கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

உன்னை வரச் சொன்னவள் எப்படி மாறினேன் என்று கேட்பாய். திங்கட்கிழமை உன் அறையைச் சுத்தம் செய்தேன். பழைய செருப்பு, உடைந்த விசிறி, நீ சேர்த்து வைத்திருந்த வேண்டாத சாமான்களையெல்லாம் கீழ்த்தளம்வரை இறங்கும் சமையலறைக் குப்பைக்குழாயில் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூடியைச் சாத்தினால் ஒரு நொடி சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. இந்த புக்கிட் மேரா அடுக்குமாடியில் இத்தனை வீடுகளில் இத்தனை வருஷமாக எல்லோரும் அப்படித்தான் மூடியைச் சாத்திவிட்டுப் போகிறோம். அந்தச் சத்தம் நின்ற பிறகு எங்கோ ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தடை சொல்ல வேண்டிய நேரத்தில் தடை சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் நாம் நிம்மதியாகப் படுக்கிறோம். அந்த ஊருக்கு அப்படிப் பார்க்கிற ஆள் நீ ஒருவன்தான். அப்போதுதான் நீ சொன்ன அந்தக் கடைசி வரி, ஒரு நாள் தாமதமாக, என் காதில் விழுந்தது. சனிக்கிழமை திறந்துவிடுவார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன், நீ வராமல் போவாயே என்றுதான் அழுதேன், வேறெதற்கும் இல்லை.

நானே விமானமேறி அங்கே வந்து உன் பக்கத்தில் நிற்கலாமா என்று யோசித்தேன், விடுப்புக்கூடக் கேட்டுப் பார்த்தேன், கொடுப்பார்கள். ஆனால் அம்மாவைத் துணைக்குக் கூட்டி வந்திருக்கிறான் என்று ஒருவன் சிரித்தால் போதும், அதற்கப்புறம் உன் பேச்சு அங்கே எடுபடாது. இது தனியாக நிற்க வேண்டிய வேலை. படகில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும், சாப்பாட்டு மேசையில் நீ போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். அதற்கு மருந்து இருப்பதாக நான் பொய் சொல்லமாட்டேன். அந்த நாள்களில் நான் வீட்டுக்கு வந்தால் உன் அப்பா இருந்தார், நீ இருந்தாய். உனக்கு அங்கே அப்படி யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடு. வேலையைப் பற்றிப் பேச வேண்டாம், சும்மா பேசு.

உன் அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குள் நுழையும்போது "வந்துட்டீங்களாம்மா" என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்காத நாள் இல்லை. உன்னிடம் இதை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ வேண்டும் எனக்கு. அப்படி இருந்தும் சொல்கிறேன்: அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே. அவர்கள் உன்னை வெளியே தள்ளட்டும், அது அவர்கள் பாடு. நீயாக நடந்து வெளியே வராதே. நீ இங்கே என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அந்த மேடு சரிந்தது என்று செய்தி வந்தால், அதற்கப்புறம் அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. மேட்டைச் சரிசெய்து, குடிசைகளை வேறிடத்துக்கு மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு வா. அதற்கு எத்தனை மாதமானாலும் ஆகட்டும். வெள்ளிக்கிழமை வராதே, தம்பி. நான் தனியாக இருந்துகொள்கிறேன்.

உன் அம்மா